வெந்தயம் மெழுகிய முறங்கள்

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் பஜார் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் நாய் படுக்கலாம், மாடு நின்று அசைபோடலாம், கட்சிக்காரர்கள் பிறந்தநாளுக்கு ஒலிபெருக்கி கட்டலாம். முறம் விற்கிற பொம்பளை மட்டும் உட்காரக் கூடாது. யார் போட்ட உத்தரவு என்று கேட்டால், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்காரர் விரலை மேலே காட்டுவார். மேலே பார்த்தால் காக்கா இருக்கும்.

காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் இந்தச் சண்டையைப் பார்ப்பேன். சண்டை என்றால் எனக்குப் பயம். ஆனாலும் தக்காளி பொறுக்குகிற சாக்கில் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகருவேன்.

"எழுந்திரும்மா. ஆபீசர் வண்டி வர்ற நேரம்."

"வண்டி ரோட்டுல போவுமா, மரத்துல ஏறுமா? ரோட்டுலதானே போவுது, போவட்டும்."

"எனக்கு ஆர்டர்ம்மா."

"உனக்கு இன்னா ஆர்டரு? நீயே கான்ட்ராக்ட்டு. இன்னைக்கு இந்த கேட்டு, நாளைக்கு எந்த கேட்டோ."

கடைசியில் முறக்காரம்மாதான் எழுந்திருப்பார். அடுக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு பிளாக் பிளாக்காக நடப்பார். எங்கள் ஊர்த் தெருக்கள் அகலமானவை, நேரானவை, முடிவே இல்லாதவை. ஒரு பிளாக்கிலிருந்து அடுத்த பிளாக்குக்கு நடப்பதற்குள் போன காரியம் மறந்துவிடும். குவார்ட்டர்ஸ் கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும், உள்ளே டிவி பேசும், கேட்டுக்குள் நாய் குரைக்கும். என் வீட்டு வாசலில் மட்டும் அடுக்கை இறக்கிவைத்துத் தண்ணீர் கேட்பார். என்னைவிட அவருக்கு வயசு கூடத்தான் இருக்கும், இருந்தாலும் என்னை அக்கா என்பார். விற்கிறவர்களுக்கு எல்லாரும் அக்காதான்.

"முட்டி தேஞ்சி போச்சு யக்கா," என்பார் தண்ணீரைக் குடித்துவிட்டு. "அந்த மரத்தாண்ட ஒரே எடமா குந்திகினா போதும். தேவைப்பட்டவங்க தேடிகினு வருவாங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். பங்களாவா கேக்கறேன்? நெழலு கேக்கறேன்."

அதைக் கேட்டதிலிருந்து இந்த மரம் என் கவலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே அங்கே நிறையக் கூட்டம். கேஸ் அடுப்பை அணைத்தேனா, மைன்ஸில் வீட்டுக்காரர் கரி ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாரா, தெருவில் சிரித்துக்கொண்டு போகிறார்களே என்னைப் பார்த்தா. நான் எட்டாவதோடு நின்றவள். பெயிலாகி நிற்கவில்லை. அரைப்பரீட்சையில் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்கே போகாமல் நின்றேன். முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி நான் பிறந்த ஊர். அங்கே ஒரு பெண் பள்ளிக்கூடம் போகாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள், முந்திரிக்கொட்டை பொறுக்க ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுவார்கள். பிறகு கல்யாணம். அவர் வீட்டு நிலம் மைன்ஸுக்குள் போயிற்று, அதற்குப் பதிலாக அவரும் மைன்ஸுக்குள் போனார். பெர்மனன்ட். அப்படித்தான் எனக்குக் குவார்ட்டர்ஸ் வந்தது.

மகளிர் மன்றத்துக்கு நான் போனது தையல் கற்றுக்கொள்ள. மன்றம் என்றால் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் நடத்துவது. ஏசி ஹால், பளபளவென்று தரை. எங்களைப் போன்றவர்களுக்குப் பின்பக்க அறையில் தையல் வகுப்பு. ஒரு நாள் செயலாளர் அம்மா எங்கள் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மேற்கத்திப் பக்கத்துக்காரர், பேச்சில் மரியாதை வழியும்.

"நாம கடைக்குப் போய் பிளாஸ்டிக் வாங்கறோம்ங்க. அது எங்கியோ பேக்டரியில செய்யறது. அதுக்குப் பதிலா கையில செஞ்ச ஒரு கூடை, ஒரு முறம் வாங்கினா, ஒரு குடும்பத்துல அடுப்பெரியும். விளிம்புநிலைக் கைவினைஞர்களை நாமதான் கைதூக்கி விடணும். அதனால மன்றத்துல ஒரு விற்பனை வைக்கறோம்."

எல்லாரும் கைதட்டினோம். பிளாஸ்டிக் தட்டில் பிஸ்கட் கொடுத்தார்கள்.

பிஸ்கட்டை முழுங்குவதற்குள் அவர் என் பக்கத்தில் வந்துவிட்டார். "நீங்க இந்தப் பக்கத்து ஊர்தானுங்களே? இங்க இருக்கற பழங்குடிங்க எல்லாம் உங்களுக்குப் பழக்கம் இருக்கும்ல?"

"பழங்குடி யாரையும் தெரியாதுங்க மேடம். முறம் விக்கிற அம்மாவைத் தெரியும்."

"அதேதானுங்க!"

அது அதே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், மறுத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்துவிட்டது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, பிஸ்கட்டில் ஏதாவது இருந்திருக்க வேண்டும். "மேடம், அவங்களுக்கு பஜார் வாசல்ல மரத்தடியில உக்கார பர்மிசன் வாங்கிக் குடுத்தா நல்லா இருக்கும்."

செயலாளர் அம்மாவின் கணவர் டவுன்ஷிப் பராமரிப்பில் பெரிய அதிகாரி. அந்த மரம், அந்த வாசல், அந்தக் காக்கா எல்லாம் அவர் கையில்தான்.

"கண்டிப்பா," என்றார் அவர். "விற்பனை நல்லா நடக்கட்டும். நம்ம மெம்பர்ஸ் எல்லாம் விரும்பி வாங்கினாங்கன்னா, அதைக் காட்டியே சார்கிட்ட நான் கேட்டுடறேன். முறம் மட்டும் அழகா, சுத்தமா இருக்கணும். அது உங்க பொறுப்புங்க."

பொறுப்பு என்று ஒரு சொல்லைக் கேட்டால் போதும், எனக்குச் சோறு இறங்காது.

முறக்காரம்மா வீடு பண்ருட்டி ரோட்டில், மூங்கில் மண்டிக்குப் பின்னால். சாக்கடை ஓரமாக ஒரே வரிசையில் கூரை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் மூங்கிலைப் பிளந்து சீவிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் இறங்கி, யாரை எப்படி விசாரிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் வாசலிலேயே அவர் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சிவப்புக் கலர் பிளாஸ்டிக் முறத்தில்.

"இன்னாங்க இது, நீங்களே பிளாஸ்டிக் வெச்சிருக்கீங்க?"

"இது எடை இல்ல யக்கா. கழுவிக் கவுத்துட்டா ஆச்சு. செஞ்ச முறத்தை நானே வெச்சிகினா விக்கிறதுக்கு எது?" என்றார். "இன்னா வெறிச்சிப் பாக்கற? பிரியாணி கடைக்காரன் வூட்டுல மூணு வேளையும் பிரியாணியா துன்றான்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். விற்பனை, ஏசி ஹால், அங்கேயே உட்கார்ந்து எல்லார் முன்னாலும் பின்னிக் காட்ட வேண்டும். அவர் சட்டை செய்யவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தெருவில் விட்டெறிந்தார்.

"நான் பின்றத அவங்க சுத்தி நின்னு பாப்பாங்களா? அவங்க வூட்டுல அவங்க சப்பாத்தி சுடறத நான் போய் நின்னு பாக்கட்டா?"

"நல்லா நடந்தா மரத்துக்கு பர்மிசன் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க."

கை நின்றது. "மெய்யாவா?"

"மெம்பருங்க விரும்பி வாங்கணுமாம்."

"வாங்கட்டும், தலையில கட்டிடலாம்." அரிசியைப் புடைத்து, உமியை என் மேலேயே ஊதினார். "மரத்துக்காக வரேன். வேற எந்த மயிருக்கும் இல்ல. அத அந்த அம்மாகிட்ட சொல்லிடு."

அதை அப்படியே சொல்ல முடியாது என்று திரும்பி வரும் பஸ் முழுக்க யோசித்து, "ரொம்ப சந்தோஷப்பட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

விற்பனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஷேர் ஆட்டோவில் முறங்கள் வந்து என் வீட்டு வாசலில் இறங்கின. பச்சை மூங்கில் வாசனை. பின்னல் நெருக்கம், விளிம்பு கெட்டி. எங்கள் பிளாக் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒன்றைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார்கள். முறம் வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பது. வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிந்தால் பின்னல் நல்லது. எங்காவது ஒரு கீற்று தனியாக அடித்தால் அங்கே மூங்கில் பத்தை நழுவியிருக்கிறது. எதிர்வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வருபவர். காலையில் எங்கள் பிளாக்கில் வேலை, மதியத்துக்கு மேல் ஊரில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிப்பார். அவர் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது. தோலு ஊதறதுக்கு இந்த மாதிரிதான் வேணும். எங்க குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மன்றத்துலங்க," என்றேன். சொன்ன பிறகுதான், சொல்லலாமோ கூடாதோ என்று பயம் வந்தது.

அதைவிடப் பெரிய பயம் மத்தியானம் வந்தது. முறம் வெறும் முறமாக இருக்கிறதே! எங்கள் பக்கத்தில் புது முறத்தை அப்படியே புழங்க மாட்டார்கள். வெந்தயத்தையும் பழைய காகிதத்தையும் ஊறவைத்து, அரைத்து, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, உள்ளும் புறமும் மெழுகிக் காயவைத்தால்தான் அது முறம். இல்லாவிட்டால் நொய் எல்லாம் சந்து வழியாகக் கீழே போய்விடும். மெழுகுவது வாங்குகிறவர்கள் வேலை, விற்கிறவர்கள் செய்வதில்லை. ஆனால் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் மெழுகுவார்களா? நான் மனக்கண்ணில் பார்த்தேன்: ஒரு மெம்பர் ஆசையாக வாங்கிப்போய் ரவையைக் கொட்டுகிறார். ரவை தரையில் கொட்டுகிறது. அவர் செயலாளர் அம்மாவுக்குப் போன் போடுகிறார். செயலாளர் அம்மா சாரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். அந்தச் சந்து வழியாக ரவையோடு வேப்பமரமும் விழுந்துவிடுகிறது.

கடைக்கு ஓடி வெந்தயம் வாங்கி வந்தேன். அண்டாவில் ஊறப்போட்டேன். பழைய பேப்பரையெல்லாம் கிழித்துப் போட்டேன். மிக்ஸி சூடாகி மூன்று தடவை நின்றது. பிளாக் பெண்கள் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பொறுக்கமாட்டாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களும் மெழுக ஆரம்பித்தார்கள். டவுன்ஷிப்பில் எதைக் காயப்போட்டாலும் சாம்பலும் கரித்தூசியும் வந்து உட்காரும். அதனால் முறங்களுக்கு மேலே பழைய வேட்டியைக் கட்டினேன். வேட்டி பறந்தால் என்ன செய்வது என்று அதன் நுனிகளில் கல் வைத்தேன். கல் முறத்தின் மேல் விழுந்தால் என்ன செய்வது என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாடி நாத்தம் இது?"

"வெந்தயம்."

"வூடே சக்கரை வியாதிக்காரன் வாய் மாதிரி நாறிகினு இருக்குது. யாரு சொன்னாங்க உன்ன இத செய்யச் சொல்லி?"

"யாரும் சொல்லல. சுத்தமா இருக்கணும்னு சொன்னாங்க."

"நீ எட்டாங்கிளாஸ் பரீட்சைய மட்டும் எழுதியிருந்தீன்னா, மீதி எல்லாத்தையும் இப்படி விழுந்து விழுந்து எழுதிகினு இருக்க மாட்ட," என்றார். ஷிப்டில் இருக்கும்போது இப்படியெல்லாம் பேசத் தெரியாது. வீட்டில்தான் வரும்.

பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். தேங்காய் உள்ளே அழுகியிருந்தால் அபசகுனமாகிவிடுமே என்று அதைக் கற்பூரமாக மாற்றிக்கொண்டேன். பிள்ளையாருக்கு அது பிடித்ததா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முறங்களைக் கொண்டுபோய் மன்றத்து மேசையில் அடுக்கினேன். காய்ந்து, மஞ்சளாக, தட்டினால் டங் என்று சத்தம் கேட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. செயலாளர் அம்மா வந்தார், பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது, மின்சாரம் போன ஃபேன் மாதிரி மெதுவாக.

"என்னங்க இது? என்ன பூசியிருக்கீங்க?"

"மெழுகியிருக்கேங்க மேடம். வெந்தயம், பேப்பர்."

"பேப்பரா?" ஒரு முறத்தைக் கையில் எடுத்தார். அது சரியாக அரைபடாத கூழ் போலிருக்கிறது. நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் கண் ஒன்று முழுசாக ஒட்டியிருந்து அவரைப் பார்த்தது. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "நாங்க இதைச் சுவத்துல மாட்டலாம்னு இருந்தோமுங்க. அந்த மூங்கில் பின்னல் தெரியணும், அதுல மயில் வரையலாம்னு..."

முறத்தில் மயில் வரைவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டிலும் முறம் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அடுப்படி ஆணியில்.

அப்போது முறக்காரம்மா வந்தார். ஜிகினா வைத்த ஊதா நைலக்ஸ் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், உதட்டில் லேசாகச் சாயம்கூட. கையில் மூங்கில் பத்தைக் கட்டு.

"காட்டன் கட்டியிருந்தா போட்டோவுக்கு நல்லா இருந்திருக்கும்," என்றார் செயலாளர் அம்மா, மெதுவாக.

"காட்டனு நெதமும் கட்றதும்மா. இது நல்ல நாளு பெரிய நாளுக்கு கட்றது," என்று சொல்லிவிட்டு, முறக்காரம்மா பின்னால் இருந்த பேனரை அண்ணாந்து பார்த்தார். "அதுல இன்னா எழுதியிருக்குது யக்கா?"

"விளிம்புநிலைக் கைவினைஞர்களைக் கைதூக்குவோம்னு."

"கைதூக்கிறது இருக்கட்டும், ஒரு பக்கெட்டு தண்ணி தூக்கியாரச் சொல்லு. பத்தை காஞ்சா ஒடிஞ்சிடும்."

அதற்குப் பிறகுதான் மேசையைப் பார்த்தார். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "அடிப்பாவி! யாரு உன்ன மெழுகச் சொன்னது? மெழுகின முறத்த எவ வாங்குவா? உள்ள ஓட்டைய மறைச்சிட்டான்னு சொல்ல மாட்டா? என் பின்னல மூடி வெச்சிட்டியே!"

எனக்கு அழுகை வந்தது. ஒரே முறத்துக்கு இரண்டு தரப்பிலும் திட்டு வாங்கியது இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

மெம்பர்கள் வந்தார்கள். மெழுகுவத்தி, சணல் பை, காகிதத்தில் சுருட்டிய காதணி எல்லாம் வாங்கினார்கள். அதெல்லாம் அவர்களே ஒருவருக்கொருவர் செய்தது. முறத்து மேசைக்கு வந்ததும் மூக்கைச் சுருக்கினார்கள். ஒருவர் தும்மினார். ஒருவர், "இது சாணியா?" என்று கேட்டார். வெந்தயம் என்றேன். "ஓ, தலைக்குப் போடறதா?" என்றுவிட்டு நகர்ந்தார். முறக்காரம்மா தரையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு பின்னினார். சுற்றி நின்று வீடியோ எடுத்தார்கள். பின்னுகிற வேகத்தை விட வேகமாக எனக்கு வேர்த்தது. ஏசி ஹாலில்.

வாசலில் சத்தம் கேட்டது. மன்றத்து வாசலில் அன்றைக்கு டியூட்டி பார்த்தவர் அதே பஜார் செக்யூரிட்டிக்காரர்தான். அவர் முன்னால் எங்கள் பிளாக் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் வேறு பிளாக் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு கும்பல்.

"மெம்பர்ஸ் மட்டும்தான். உள்ள போவக் கூடாது."

"முறம் வாங்க வந்தோம், மெம்பரு வாங்க வரல."

"ஆர்டரும்மா, ஆர்டரு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவர், எதிர்வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அந்தப் பெண். செக்யூரிட்டிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு ஆர்டர் போடற? காலையில உனக்கு சோறு போட்டுக் கட்டிக் குடுத்தவகிட்டயா? வூட்டுக்கு வா, நீ மெம்பரா இல்லியான்னு நான் சொல்றேன்."

செக்யூரிட்டிக்காரர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் அவர் சம்சாரம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் ஒதுங்கின ஒதுக்கில் கதவு தானாகவே திறந்துகொண்டது.

உள்ளே வந்த வேகத்தில் மெழுகுவத்தி மேசை ஆடியது. ஒருத்தியும் ஓட்டை இருக்கிறதா என்று கேட்கவில்லை. மெழுகுவதற்கு முன்பே என் வாசலில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தவர்களும், அவர்கள் சொல்லிக் கேட்டு வந்தவர்களும்தானே எல்லாரும்? பாதி முறத்தை மெழுகியதே எங்கள் பிளாக் பெண்கள்தான். "இது நான் மெழுகினது, குடு இங்க", "கண்ணு ஒட்டியிருக்கிறது எனக்கு" என்று ஒரே இழுபறி. செயலாளர் அம்மா கட்டிவைத்திருந்த விலைச்சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு முறக்காரம்மாவிடம் நேராகப் பேரம் பேசினார்கள். அவரும் ஜிகினா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சளைக்காமல் பேசினார். "வெந்தயம் விக்கிற வெலைக்கு இந்த வெல கேக்கறியே, உனக்கே ஞாயமா இருக்குதா?" வெந்தயம் என் காசு.

கொஞ்ச நேரத்தில் மேசை காலி. முந்திரிக்காரப் பெண்கள் ஏசிக் காற்றை ஒரு நிமிஷம் அனுபவித்துவிட்டுப் போனார்கள்.

நான் பல்லெல்லாம் தெரிய செயலாளர் அம்மாவிடம் போனேன். "எல்லாம் போயிடுச்சுங்க மேடம். மரத்துக்கு சார்கிட்ட..."

அவர் சங்கடமாகச் சிரித்தார். கெட்டவர் இல்லை அவர். அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். "நம்ம மெம்பர்ஸ் ஒருத்தர்கூட வாங்கலீங்களே. வெளியாளுங்க வந்து கூட்டம் போட்டதை நான் எப்படிங்க சார்கிட்ட காட்டறது? அதையே பஜார் வாசல்லயும் செய்வாங்கன்னு சொல்லிடுவார். அடுத்த வருஷம் பார்க்கலாமுங்க."

முறக்காரம்மா பக்கெட் தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் மரம் இருக்கும் யக்கா," என்றார் என்னிடம். "என் முட்டி இருக்குமா?"

நான் காலிப் பக்கெட்டை வாங்கி உள்ளே வைத்தேன். வீட்டுக்குப் போய் வெந்தயம் ஒட்டிய மிக்ஸியைக் கழுவினேன். பிறகு மறுபடி கழுவினேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது பார்க்கிறேன், வேப்பமரத்தடியில் முறக்காரம்மா சாக்கு விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நேராகப் போய்ப் பேசவில்லை, பால் பூத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். செக்யூரிட்டிக்காரர் வந்தார். விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. எடுத்துவிட்டார்.

"ஏம்மா."

"இன்னா?"

"எங்க வூட்டுக்காரியோட தங்கச்சிக்கும் ஒண்ணு வேணுமாம். மெழுகாதது."

"நாளைக்கு கொண்டாந்து தரேன். இங்கயேதான் இருப்பேன்."

அவர் மரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "ஆபீசர் வண்டி வந்தா அப்படி திரும்பி குந்திக்க."

"திரும்பிகினா நான் தெரிய மாட்டேனா?"

"நீ தெரிவ. நான் பாக்காத மாதிரி இருக்கும்."

அப்படியே நடந்தது. ஆபீசர் வண்டி வரும்போது முறக்காரம்மா மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், செக்யூரிட்டிக்காரர் எதிர்த்திசையில் இல்லாத ஒரு லாரிக்கு வழிவிடுவார். அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், முந்திரிக்காரப் பெண்கள் எல்லாம் தேடி வந்து வாங்கினார்கள். கொஞ்ச நாளில் முறத்துக்குப் பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் முறம், பச்சை பிளாஸ்டிக் மக்கு, ஊதா பிளாஸ்டிக் கூடை எல்லாம் வந்து சேர்ந்தன. "மூங்கிலு வேணாங்கறவ சும்மா போவக் கூடாது இல்ல?" என்றார்.

ஒரு நாள் செயலாளர் அம்மாவின் கார் அங்கே நின்றது. நான் கீரைக்கடையில் குனிந்துகொண்டேன். அவர் இறங்கி, மெழுகாத முறம் ஒன்றை ஆசையாக எடுத்து வருடினார். போனை நீட்டினார். "அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கறீங்களா? போட்டோவுல விழுது."

"அதுவும் விக்கிறதுதாம்மா. அதுவும் விழட்டும்."

எப்படியோ படத்திலிருந்து அதை வெட்டி எடுத்துவிட்டார். சாயந்திரம் மன்றத்து வாட்சப் குரூப்பில் படம் வந்தது. வேப்பமரம், மூங்கில் முறம், சிரிக்கிற முறக்காரம்மா. கீழே, மன்றத்தின் முயற்சியால் ஒரு விளிம்புநிலைக் கைவினைஞருக்கு நிலையான விற்பனையிடம் கிடைத்தது என்று எழுதியிருந்தார். கைகூப்பல்களும் பூக்களுமாக வந்து விழுந்தன. பெரிய அதிகாரிகளின் மனைவிமார் எல்லாம் அருமை, அருமை என்றார்கள்.

படத்தை சார் பார்த்தால்? யார் இந்தப் பொம்பளையை இங்கே உட்காரவைத்தது, உத்தரவு எங்கே என்று கேட்டால்? செக்யூரிட்டிக்காரர் வேலை போகும், முறக்காரம்மா இடம் போகும், முதலில் வாயைத் திறந்தவள் நான்தான் என்று என் வீட்டுக்காரர் பெர்மனன்ட்டும் போகும். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். முறக்காரம்மா சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன், படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "மூஞ்சி நல்லா விழுந்திருக்குது," என்றார். பிறகு, "இன்னா எழுதியிருக்காங்க, படி."

படித்தேன்.

"அவங்கதான் எடம் வாங்கிக் குடுத்தாங்கன்னு எழுதியிருக்குதா?"

"ஆமாங்க."

"எல்லாரும் பாத்துட்டாங்களா?"

"ஊரே பாத்துடுச்சு."

"அப்புறம் எதுக்கு ஓடியாந்த? எழுதட்டும் யக்கா, இன்னும் பெருசா எழுதட்டும். இனிமே என்ன இங்கருந்து எழுப்பினா, அவங்க போட்டது பொய்யாப் பூடும். அந்த அம்மாவே வந்து காவலுக்கு நிக்கும் பாரு." சாக்குச் சுருளை மரத்தின் கவட்டையிலேயே செருகினார். அன்று முதல் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

இன்றுவரை யாரும் எழுப்பவில்லை. அவர் இப்போது ஆபீசர் வண்டிக்குத் திரும்பி உட்காருவதில்லை, கும்பிடு போடுகிறார். வண்டிக்குள்ளிருந்தும் ஒரு கை அசைகிறதாம். அந்த வகையில் என் கவலை தீர்ந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது வேப்பமரம். மழைக்காலத்தில் வேப்பங்கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து விழும். சரியாக அவர் சாக்கு விரிக்கிற இடத்துக்கு மேலே ஒரு கிளை எனக்கு அவ்வளவு நம்பிக்கையாகப் படவில்லை. தினமும் பால் வாங்கப் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். காக்கா என்னைப் பார்க்கிறது.